சாட்சி: எய்னோ லாஹ்தி

செல்டன் துறை, ஓரிகன்
ஜனவரி 20

அன்புள்ள தங்கை லெம்பிக்கு,

அண்ணன் ஆர்வோ எழுதுவது. நான் நலம், முதுகு மட்டும் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மா காலையில் இன்னும் மூன்று கோப்பை காப்பி குடிக்கிறாளா? குடித்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

புகைபோட்ட சால்மன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். வால்பக்கம் அம்மாவுக்கு. தலைப்பக்கத்தை உன்னோடு தேர்தல் வேலை பார்க்கும் வெர்னருக்குக் கொடு, அவன் எதைக் கொடுத்தாலும் குறை சொல்லப்போகிறவன்.

வியாபாரம் சுமார். பழைய படகு எஞ்சினைக் காலால் தட்டிப் பார்க்கிறவன் வாங்கமாட்டான், குனிந்து முகர்ந்து பார்க்கிறவன் வாங்குவான். டிரக்கின் பின்பலகையில் கடை போட்டுத் தொடங்கி முப்பது வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான். இந்த மாதம் வந்தவர்கள் எல்லாம் தட்டிப் பார்க்கிறவர்கள்.

ஒரு காரியம். கரடி முனையில் அம்மா வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் கொட்டகை இன்னும் நிற்கிறதல்லவா, அதைப் பிரித்துவிடலாம். கூரை இறங்கியிருக்கும். நீ உள்ளே போக வேண்டாம், எதையும் தொட வேண்டாம். சுப்பீரியர் நகரப் பக்கம் எனக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். வந்து உள்ளே இருப்பதோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். சரி என்று ஒரு வரி போடு.

ஏரிக் குடா உறைந்துவிட்டதா? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
ஆர்வோ


மிக்கோலா, விஸ்கான்சின்
பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

சால்மன் வந்தது. இங்கே நாங்கள் நலம், உன் முதுகுக்கு சௌனா நீராவிக் குளியல் இல்லாத ஊரில் என்ன வைத்தியம் செய்கிறாயோ தெரியவில்லை. அம்மா மூன்று கோப்பையும் குடிக்கிறாள். நான்காவது ஒன்றை ஊற்றி எதிரே வைத்துவிட்டுக் குடாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அது யாருக்கென்று உனக்குத் தெரியும். எண்பத்தெட்டு வயதில் இனி அவளை மாற்ற முடியாது.

குடா உறையவில்லை. பிப்ரவரி வந்தும் ஒரு விரல் கனம் ஐஸ் இல்லை. என் ஐம்பத்தேழு வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை. ஐஸ் இருந்தால் ஊரிலிருந்து அம்மா வீட்டுக்கு இரண்டு மைல். இப்போது சாலையில் இருபத்திரண்டு மைல் சுற்றிப் போகிறேன். வழியெல்லாம் தண்ணீர் கறுப்பாக, கண்மூடாமல் கூடவே வருகிறது.

ஏப்ரல் இரண்டாம் தேதி தேர்தல். ஊர் மன்ற எழுத்தராக இதுவே எனக்குக் கடைசி என்று நினைக்கிறேன். மற்ற வேலையெல்லாம் செய்துவிடுவேன். ஒன்றுதான் முடியவில்லை. தேர்தல் நாளன்று தபால் ஓட்டு உறைகளைத் திறக்குமுன் ஒவ்வொரு பெயரையும் கூடத்தில் உரக்கக் கூப்பிட வேண்டும், ஆள் நேரில் நிற்பதுபோல. குளிருக்குப் பயந்து தெற்கே போனவர்களைக் கூப்பிடும்போது வெர்னர், "இன்னும் சத்தமாக் கூப்பிடு லெம்பி, அரிசோனாவுல காது கேக்கணும்ல?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவின் பெயர் வரும்போது சிரிக்கமாட்டார்கள். இங்கே இல்லாதவர்களைப் பேர்சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குக் கதவைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த ஏப்ரல் ஏழாம் தேதியும் தேர்தல்தான். பாலம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது, தபால்காரி நான்கு நாளாகக் கரடி முனைக்குப் போகவில்லை. மதியம் வரை அம்மாவின் உறை வராததால் நான்தான் அம்மாவோடு இருந்த தம்பி எய்னோவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "எட்டு மணிக்குள்ள உறை இங்க இருக்கணும்டா. ஒரு நிமிஷம் பிந்தினாலும் அம்மா ஓட்டு செல்லாது. நம்ம வீடுங்கறதுக்காகச் சட்டம் வளையாது." அவன் சிரித்தான். "சரிங்க எழுத்தரம்மா" என்றான். பிறகு பனி வண்டியை எடுத்துக்கொண்டு ஐஸில் இறங்கினான். நம் தம்பியும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. மறுநாள் உனக்குச் சொன்னதோடு சரி, அதற்குப் பின் சொந்தக்காரர் யாரிடமும் நான் தொலைபேசியில் பேசுவதில்லை. ஏரியின் அடியில், அவன் உள்பையில், அம்மாவின் ஓட்டு கிடக்கிறது. இந்த ஊரில் நான் எண்ணாத ஒரே ஓட்டு.

உங்கள் மாநிலத்தில் இப்போது தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால் போதுமாமே. ஒரு வாரம் கழித்து வந்தாலும் எண்ணுகிறீர்களாம். இங்கேயும் அந்தச் சட்டம் இருந்திருந்தால் எய்னோ அன்று ஐஸில் இறங்கியிருப்பானா? நீ எதையும் நேராகச் சொல்கிறவன். சொல்.

கொட்டகை நின்றால் நிற்கட்டும், அம்மா சம்மதிக்கமாட்டாள். குளிரில் வெளியே நிற்காதே.

உன் தங்கை
லெம்பி


செல்டன் துறை
மார்ச் 9

அன்புள்ள லெம்பி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நலமாகத்தான் இருக்கிறேன். உன் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் எழுது.

சரக்குப் பார்க்க வடக்கே போயிருந்தேன். ஒரு விதவை, கணவனின் மீன்பிடிப் படகை அப்படியே விற்கிறாள். படகில் அவருடைய மழைச்சட்டை ஆணியில் தொங்கியது. "சட்டையும் சேர்த்தா?" என்று கேட்டேன். "எடுத்துட்டுப் போயிடுங்க, அது ராத்திரியில அசையுது" என்றாள். எடுத்து வந்தேன். இங்கே கடையில் யாரும் அதை வாங்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: சட்டத்தை நீ எழுதவில்லை. எய்னோவுக்குப் பிரார்த்தனை வைத்த அன்றும் இதையே சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

வேலையை விடுவதென்றால் விடு. கொட்டகை விஷயத்தில் அம்மாவிடம் நானே எழுதிக் கேட்கிறேன். அடுத்த பெட்டியில் அவளுக்குக் கம்பளிக் காலுறை வருகிறது.

கவனமாக இரு.
ஆர்வோ


மிக்கோலா
ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணா,

உடம்பு நலம் என்று எழுதக் கை வருகிறது, மற்றது எனக்கே தெரியவில்லை. நீ உட்கார்ந்துகொண்டு படி.

செவ்வாய்க்கிழமை தேர்தல் ஒழுங்காகத்தான் நடந்தது. மதியம் இரண்டு பத்துக்குத் தபால்காரி கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஐந்து உறைகள். நான் கூப்பிட, வெர்னர் பட்டியலில் தேடி எண் போட, பெர்த்தா உறையைக் கீறிச் சீட்டை விரிக்காமல் எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். மூன்று முடிந்தன. நான்காவது அம்மாவுடையது.

"ஹில்மா லாஹ்தி, கரடி முனைச் சாலை" என்று கூப்பிட்டேன்.

"எண்பத்தொண்ணு" என்றான் வெர்னர். உறையை வாங்கிச் சாட்சிக் கையெழுத்தைப் பார்த்தான். உறையில் ஓட்டுப் போட்டவர் கையெழுத்தும் வேண்டும், அதைப் பார்த்த சாட்சியின் கையெழுத்தும் முகவரியும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் செல்லாது. அம்மாவுக்கு எப்போதும் தபால்காரிதான் சாட்சி போடுவாள்.

வெர்னர் தொப்பியைக் கழற்றினான். அவன் தொப்பியைக் கழற்றி நான் தேவாலயத்தில்கூடப் பார்த்ததில்லை.

"லெம்பி, நீ படி. என் கண்ணாடி சரியில்ல."

"உன் கண்ணாடி புதுசுதானே?"

"படின்னா படியேன்."

சாட்சி: எய்னோ லாஹ்தி. கரடி முனைச் சாலை.

அவன் கையெழுத்துத்தான். கடைசி எழுத்தை நீட்டி அடியில் ஒரு மீன் போலச் சுழிப்பானே, அதேதான். பேனா அழுத்திய பள்ளம் விரலில் பட்டது. தாள் காய்ந்திருந்தது, அண்ணா. அதுதான் என்னைக் கலக்கியது. ஒன்பது வருஷம் தண்ணீரில் கிடந்தது எப்படிக் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே கதவைப் பார்த்தேன். வரிசையில் நின்ற நாலு பேரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

பிறகுதான் மேலே தேர்தல் தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் 7. என் கையால் எழுதியது. தபால்தலையும் அன்று நான் ஒட்டியதே, விலை ஏறினாலும் என்றைக்கும் செல்லும் என்று விற்கிறார்களே, அந்தத் தபால்தலை. அது உண்மையிலேயே இன்னும் செல்கிறது.

"இது எப்ப வரவேண்டியது?" என்றாள் பெர்த்தா.

"ஒன்பது வருஷம் முந்தி, எட்டு மணிக்குள்ள."

வெர்னர் மெதுவாகக் கேட்டான். "அப்ப எவ்வளவு பிந்திச்சுன்னு எழுதணுமா?"

"வந்த நேரம் மட்டும் எழுதினாப் போதும்."

எழுதினேன். காலங்கடந்து வந்தது, எண்ணப்படவில்லை. திறக்காமல் தனியே வைத்தோம். வெர்னர் எண்பத்தொன்றை அடித்துவிட்டு அடுத்த ஆளுக்கு அதே எண்ணைக் கொடுத்தான். ஆனால் கூப்பிட்ட பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள விதியில் ஒன்றுமில்லை. அது கூடத்திலேயே இருந்தது, எட்டு மணி வரை.

சனிக்கிழமை அம்மாவிடம் போகிறேன். நீ நலமா? எழுது.

லெம்பி


மிக்கோலா
ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணா,

உன் பதில் வருமுன் மறுபடி எழுதுகிறேன். அம்மாவுக்குச் சளி, மற்றபடி தெளிவாக இருக்கிறாள். நம் எல்லோரையும்விடத் தெளிவு.

போன கையோடு கேட்டேன். "அம்மா, அந்த உறை எங்க இருந்துச்சு?"

"ரொட்டிப் பெட்டி மேல. எங்க இருக்கும்?"

"எப்ப இருந்து?"

"எய்னோ கையெழுத்துப் போட்டு அங்கதானே வெச்சான். போகும்போது மறந்துட்டுப் போயிட்டான். எடுக்கத் திரும்பி வருவான்னு இருந்தேன்."

அண்ணா, ஒன்பது வருஷமாக அது அங்கே இருந்திருக்கிறது. நான் கிறிஸ்துமஸுக்கு ஏலக்காய் ரொட்டி எடுத்த பெட்டி. அதன் மேல் துணி போட்டு மூடியிருந்தாள். உறையை எடுத்துப் போனானா என்று அவளிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. எடுத்துப் போனான் என்றுதான் ஊரே சொன்னது. அவளும் சொல்லவில்லை, பிள்ளை திரும்பி வரப்போகும்போது சொல்ல என்ன இருக்கிறது?

"அப்புறம் ஏம்மா இப்ப தபால்ல போட்டே?"

என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஜன்னலைக் காட்டினாள். "குடாவைப் பாத்தியா? இந்த வருஷம் ஐஸே இல்ல. அவன் எது மேல நடந்து வருவான்? அதான் நானே போட்டுட்டேன்."

இந்தத் தேர்தலுக்கு நான் அனுப்பிய புதுச் சீட்டு தொடாமல் மேசையில் கிடந்தது. அது ஏன் என்று கேட்டேன். "முதல்ல அதை எண்ணுங்க. ஒண்ணு முடியாம இன்னொண்ணு எப்படிப் போடுறது?" என்றாள்.

திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன். துக்கத்தில் இல்லை. அவன் உறையை எடுக்கவில்லை, அண்ணா. உறைக்காகப் போகிறவன் உறையை விட்டுவிட்டுப் போவானா? கையெழுத்துப் போட்டு, முகவரி எழுதி, ஒட்டி வைத்தவன்? என் அழைப்பு அவனை ஐஸில் இறக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக என் மூச்சு அடிவயிறு வரை போனது.

பிறகு பாலத்தருகில் அழுகை நின்றது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

அப்படியானால் எதற்குப் போனான்?

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

லெம்பி


செல்டன் துறை
ஏப்ரல் 29

அன்புள்ள லெம்பி,

இரண்டு கடிதமும் கிடைத்தன. நலம். அம்மாவின் சளிக்கு டாக்டரைக் கூப்பிட்டாயா?

உன் பாரம் இறங்கியதில் எனக்கு மிகவும் சந்தோஷம். உண்மையாகவே சொல்கிறேன். இதோடு விட்டுவிடு. எய்னோ எதற்குப் போனான் என்று எப்படிச் சொல்வது? புகையிலை தீர்ந்திருக்கும். பீர் குடிக்கத் தோன்றியிருக்கும். அவன் யோசித்துச் செய்கிறவனா? வாலிபத்தில் ஒரு ஷூ லேசுக்காகக் குடாவைத் தாண்டியவன்தானே.

இறந்தவர்களின் காரியத்தில் துருவித் துருவிக் கேட்பதால் யாருக்கும் லாபமில்லை. கொட்டகைக்கு மே நடுவில் ஆட்கள் வருவார்கள், ஏற்பாடு செய்துவிட்டேன். அம்மாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஆர்வோ


மிக்கோலா
மே 8

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. டாக்டர் வந்தார். நான் இப்போது கரடி முனையிலேயே படுக்கிறேன். நீ நலமென்று நம்புகிறேன்.

எய்னோ பீரை நிறுத்தி அப்போது நான்கு வருஷமாகியிருந்தது. புகையிலையை அவன் தொட்டதே இல்லை. உனக்கு இது தெரியும்.

ஐந்து முறை எழுதிவிட்டாய், கொட்டகையைப் பிரிக்க வேண்டும், உள்ளே போகாதே என்று. வியாபாரி ஒருவன் ஒரு பொருளைப் பார்க்காதே என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று நீதான் சொல்வாய். நேற்று போனேன். கூரை நன்றாகத்தான் இருக்கிறது. வலை, கோடாரி, அப்பாவின் ரப்பர் காலணி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. எஞ்சின் தாங்கி மட்டும் காலி. கீழே எண்ணெய்க் கறை வட்டமாக உலர்ந்திருக்கிறது. சுமை இழுக்கிற சறுக்கு வண்டியும் இல்லை, தடித்த கயிறும் இல்லை. அப்பாவின் பெரிய படகு எஞ்சின் நூறு கிலோ இருக்கும். அதைத் தனியாக ஏற்றியிருக்கிறான். பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அம்மாவிடம் எஞ்சினைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. வேறொன்று சொன்னாள்.

"அன்னிக்கு போன் ரெண்டு தரம் அடிச்சுது."

"ஒண்ணு நான்."

"நீ மத்தியானம். அப்புறம் இன்னொண்ணு. அதுக்கு அவன் சிரிக்கல."

முதல் அழைப்பு என்னுடையது. இரண்டாவது யாருடையது, அண்ணா?

பிரார்த்தனைக்கு வந்த நாளிலிருந்து ஒன்பது வருஷம் மீனும் கம்பளியும் பெட்டி பெட்டியாக அனுப்பினாய். ஒருமுறைகூட வீட்டுக்கு வரவில்லை. நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். இன்னும் அப்படியே நினைக்க ஆசை.

உன் ஆட்கள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அம்மா உன்னைக் கேட்டாள்.

லெம்பி


செல்டன் துறை
மே 15

லெம்பி,

முதுகு மோசம். உட்கார்ந்து எழுத முடியவில்லை. பிறகு விவரமாக எழுதுகிறேன். அம்மாவுக்குக் காலுறை சரியாக இருந்ததா?

ஆர்வோ


கரடி முனை
மே 27

அண்ணா,

விவரமான கடிதம் வரவில்லை.

அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. காலுறை சரியாக இருக்கிறது. நான்காவது கோப்பையை ஊற்ற இப்போது அவள் கையில் பலமில்லை, நான் ஊற்றி வைக்கிறேன். ஆறிய பிறகு எடுத்துக் கொட்டுகிறேன். ஜன்னலை மூடச் சொன்னால் மறுக்கிறாள்.

நீ நலமா என்று கேட்க வேண்டும். கேட்கிறேன்.

லெம்பி


செல்டன் துறை
ஜூன் 3

அன்புள்ள லெம்பி,

உன் நலமும் அம்மாவின் நலமும் அறிய வேண்டும் என்று தொடங்கி ஏழு தாளைக் கிழித்துவிட்டேன். என் முதுகுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது அழைப்பு நான்தான்.

மினசோட்டாக்காரன் ஒருவனுக்கு அப்பாவின் எஞ்சினை இங்கிருந்தே பேசி விற்றிருந்தேன். அவன் மிக்கோலா படகுத்துறையில் லாரியோடு நின்றுகொண்டு, ஆறு மணிக்கு மேல் நிற்கமாட்டேன் என்றான். நான் மூன்று மணிக்கு எய்னோவைக் கூப்பிட்டேன். அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், இதை நீ படிக்க வேண்டும்.

"ஐஸ் கெட்டுப்போச்சு அண்ணா. ஓரத்துல தண்ணி நிக்குது. லெம்பி உறைக்குக் கூப்பிட்டா, அதுக்கே நான் போகல. அம்மா ஓட்டு ஒண்ணு போனாப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் சொன்னேன்: "அப்பா ஏப்ரல் பாதி வரைக்கும் தாண்டுவாருடா. நீ என்ன பயந்தாங்கொள்ளி? ஆள் காத்துக்கிட்டு நிக்கிறான். என் வாக்குக்கு என்ன மரியாதை?"

"சரி, சரி. கத்தாதே. கொண்டு போறேன்."

இதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஏழு மணிக்கு மினசோட்டாக்காரன் கூப்பிட்டு, "உன் தம்பி வரலை, நான் கிளம்பறேன்" என்றான். சோம்பேறி, வாக்கைக் காப்பாற்றத் தெரியாதவன் என்று எய்னோவைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். லெம்பி, அந்த நேரத்தில் அவன் எங்கே இருந்தான் என்று நினைத்துப் பார். நான் தினமும் சாப்பிட உட்காரும்போது நினைக்கிறேன்.

மறுநாள் நீ கூப்பிட்டாய். "நான்தான் கொன்னேன், நான்தான் உறை கேட்டேன்" என்று அழுதாய். பிரார்த்தனையன்று என் தோளில் விழுந்து அதையே சொன்னாய். உண்மை என் வாய்வரை வந்தது. எதிராளி தானாகவே விலையை ஏற்றிச் சொன்னால் வியாபாரி வாயைத் திறக்கக் கூடாது. எனக்குப் பழகிய பாடம் அது. பழக்கம் போகவில்லை. "சட்டம் சட்டம்தானே, நீ என்ன பண்ணுவே" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தில் என்னுடையதை எடுத்து உன் தலையில் வைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

அந்த மழைச்சட்டை இன்னும் கடையில் தொங்குகிறது. விதவை சொன்னது சரி. அது அசைகிறது.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எவ்வளவு பிந்திவிட்டது என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. நீயே சொல்லிவிடு. எனக்குத் தைரியம் இல்லை.

உன் அண்ணன்
ஆர்வோ


கரடி முனை
ஜூன் 10

ஆர்வோ,

உன் கடிதம் இன்று காலை பதினொன்று பத்துக்கு வந்தது. உறையின் மேல் தேதியும் நேரமும் போட்டேன். கீழே, அம்மாவின் உறையில் எழுதிய அதே சொற்களை எழுதினேன். காலங்கடந்து வந்தது. எண்ணப்படவில்லை.

அப்படி வந்தவற்றை நாங்கள் கிழிப்பதில்லை. அம்மாவின் உறை இருக்கிற தகரப் பெட்டியில் அதையும் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அம்மா கட்டிலில் இருக்கிறாள். தினமும், "அதை எண்ணிட்டாங்களா?" என்று கேட்கிறாள். நேற்று வேறொன்றும் சொன்னாள். "கிளம்பும்போது 'உறையை எடுத்தியாடா'ன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்டிருந்தா உள்ள வந்திருப்பான். அந்த ரெண்டு நிமிஷத்துல ஐஸ் ஏதாவது சத்தம் போட்டிருக்கும். பயந்து நின்னிருப்பான்." ஒன்பது வருஷமாக அந்த ஜன்னலில் அவள் காத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. இது எனக்கும் தெரியாது.

நீ என் தலையில் வைத்ததை நானே இறக்கிக்கொண்டேன், ஒரு பழைய உறை உதவியது. அவள் தலையில் இருப்பதை இறக்க ஒரே ஆளால்தான் முடியும். நான் படித்துக் காட்டமாட்டேன். சொல்லவும் மாட்டேன். இன்னொரு கடிதம் எழுதினால் அதையும் பெட்டியில்தான் போடுவேன்.

தபால் ஓட்டு பிந்திவிடுமென்று தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. எட்டு மணிக்குக் கூடத்தை மூடுமுன் நேரில் வந்து நின்று, தன் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் கடைசி நிமிஷத்தில் மூச்சிரைக்க வந்திருக்கிறார்கள். நான் யாரையும் வாசலில் திருப்பி அனுப்பியதில்லை.

பாலம் சரியாக இருக்கிறது. சாலை காய்ந்திருக்கிறது. வீட்டுக் கதவைத் தாழிடுவதில்லை. அம்மாவின் காது இன்னும் கேட்கிறது, இடது பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆனால் எட்டு மணி எப்போது என்று இந்த முறை எனக்குத் தெரியாது.

லெம்பி